‘கிளியரா இருக்கு சார்’

போன வைகாசியில் அண்ணனின் திதிக்கு மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய் ஓரத்தில் ஊர். சாப்பாடு முடிந்து எல்லாரும் திண்ணையில் சாய்ந்திருந்த நேரம். அண்ணன் பேரன் தன் கைபேசியில் 1996ஆம் வருடத்துக் கொடையின் வில்லுப்பாட்டைப் போட்டான். முத்துப்பட்டன் கதை. குடம் அடித்தது என் அண்ணன். பகலில் ரைஸ்மில்லில் கணக்கு எழுதுவார், சித்திரை வைகாசி வந்தால் ராத்திரியெல்லாம் குடம்.

மதினி அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தவள் வாசல்படியில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். “இது உங்க அண்ணன் அடி இல்ல தம்பி” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பேரன், “ஏன் ஆச்சி, புலவரு தாத்தா பேரைச் சொல்லித்தான கூப்பிடுதாரு” என்றான்.

“பேரு அவுக பேருதான். அடி அவுக அடி இல்ல. இது ஏதோ சீக்குக்காரன் அடிக்க மாதிரி இருக்கு.”

நானும்தான் சிரித்தேன். வயது எழுபத்தெட்டு, காது மந்தம், அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். தொலைபேசித் துறையில் 34 வருடம், அதில் பாதிக்கு மேல் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் உத்தியோகம் பார்த்தவன் நான். படிக்காத மதினிக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். கோபமும் உண்டு, மறைக்கவில்லை.

அந்தப் பதிவு வந்த வழியைச் சொல்லவேண்டும். அந்தக் கொடைக்குப் பாளையங்கோட்டையில் இருந்து ஒரு ஒலிப்பதிவுக்காரர் வந்திருந்தார். சிங்கப்பூரில் இருந்து தருவித்த டி.ஏ.டி. ரெக்கார்டர் வைத்திருந்தார். 1987இல் சோனி கொண்டுவந்த சாமான் அது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட். உள்ளே வீடியோ டேப்பைப் போலச் சுழலும் ஹெட். குரலைக் காந்த அலையாக எழுதாமல் எண்களாக எழுதும். இரண்டு ராத்திரிக்கு ஆறு டேப். அவர் காலமான பிறகு அவருடைய மகன் டேப்பையும் ரெக்கார்டரையும் என்னிடம் கொடுத்து, “மாமா, நீங்களே வச்சுக்கோங்க, எனக்கு இது என்னன்னே தெரியாது” என்றான். மூன்று வருடம் முன்பு நான் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் டவுனில் கேசட்டை சி.டி.யாகவும் பென் டிரைவாகவும் மாற்றிக்கொடுக்கும் ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். அந்தப் பையன் நல்ல பையன், காசும் அதிகம் வாங்கவில்லை. ஒரு பென் டிரைவில் ஆறு பைல் போட்டுக் கொடுத்தான். “கிளியரா இருக்கு சார், இரைச்சலை எல்லாம் எடுத்துட்டேன்” என்றான். எனக்கும் சந்தோஷம். அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து ஊர்க் குழுவுக்குப் போனது.

மதினி சொன்னது மறுநாளும் மனதை அரித்தது. பரணில் இருந்த டி.ஏ.டி. ரெக்கார்டரை இறக்கி, ஹெட்போனை நேராக அதிலேயே மாட்டி முதல் டேப்பைப் போட்டேன். பிறகு பென் டிரைவில் உள்ளதைப் போட்டேன். மாறி மாறி நாலு தடவை. மதினி சொன்னது சரி. பைலில் இருப்பது மெதுவாக இருக்கிறது. புலவரின் சுருதி ஐந்து கட்டையில் இருந்து நாலேகால் கட்டைக்கு இறங்கிவிட்டது. ரெக்கார்டரில் பத்து நிமிஷம் ஓடுகிற பகுதி, பைலில் பத்து நிமிஷம் ஐம்பத்து மூன்று விநாடி ஓடுகிறது. அண்ணன் மட்டையால் குடத்தின் வாயில் அடித்துவிட்டு, அடுத்த அடிக்குள் இடது கைக் காசால் குடத்தின் பக்கத்தில் ஒரு சுண்டு சுண்டுவார். ரெக்கார்டரில் அந்தச் சுண்டு கணீரென்று இருக்கிறது. பைலில் இல்லவே இல்லை. ‘இரைச்சல்’ என்று அதை எடுத்துவிட்டிருக்கிறார்கள்!

எப்படி நடந்தது என்பதை என் தொழிலை வைத்துச் சொன்னால் புரியும். டெலிபோனில் நீங்கள் பேசும்போது டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் உங்கள் குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து எண்ணாக்கி அனுப்பும். மறுமுனை அதே 8,000 கணக்கில் எண்களைத் திரும்பக் குரலாக்க வேண்டும். இசைப் பதிவுக்கு 8,000 போதாது. சி.டி.க்கு 44,100, டி.ஏ.டி.க்குப் பெரும்பாலும் 48,000. ஒரு நொடிக்கு 48,000 என்று எழுதின டேப்பை, ‘இது 44,100’ என்று லேபிள் ஒட்டிய பைலில் சேமித்தால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் அந்த லேபிளை நம்பி ஒரு நொடிக்கு உரியதை ஒன்றேகால் நொடி என்று சொல்லாவிட்டாலும், 1.09 நொடி நேரத்துக்கு இழுத்து வாசிக்கும். ஒரு மணி நேரக் கதை 65 நிமிஷத்துக்கு மேல் போகும். குரல் தடிக்கும், தாளம் தொய்யும். எந்த இடத்திலும் கரகரப்பு இருக்காது, விட்டுப்போகாது. ‘கிளியராக’ இருக்கும். அதுதான் இதில் உள்ள விஷமம்.

கடைக்குப் போய்க் கேட்டேன். பையன் மரியாதையாகத்தான் பேசினான். “சார், சவுண்டு கிளியராத்தான இருக்கு? ஒன்பது பெர்சென்ட் ஸ்லோவா இருந்தா யாருக்கு சார் தெரியப்போகுது?”

“எங்க மதினிக்குத் தெரிஞ்சுட்டே தம்பி.”

அவன் சிரித்துவிட்டு, “வேணும்னா ஸ்பீடு ஏத்தித் தாரேன்” என்றான். நியாயம். லேபிள் தப்பு மட்டும் என்றால் அசல் பைலில் லேபிளை மாற்றினால் போதும், ஒரு எண்கூடக் கெடாது. அசல் பைலைக் கொடு என்றேன். இல்லை. இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது 64 கே.பி. எம்.பி.3. ஒரு மணி நேர வில்லுப்பாட்டு 29 எம்.பி.க்குள் அடங்கியிருக்கிறது. அசல் என்றால் 690 எம்.பி. வரும். இன்றைக்கு ஒரு டெராபைட் டிஸ்கில் அப்படி 1,400 மணி நேரம் வைக்கலாம். ஆறு டேப்புக்கு இடம் இல்லையாம்.

இதைக் கடைக்காரப் பையன் ஒருவன் தலையில் கட்டிவிட்டுப் போக நான் தயாராக இல்லை. கொடுத்தவன் நான். வாங்கும்போது டேப்போடு ஒரு தடவையாவது ஒப்பிட்டுக் கேட்டேனா? இல்லை. நம் வயதுக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அம்மாவின் தாலாட்டு, அப்பாவின் கடிதம் மாதிரியான கேசட் பேச்சு, துபாய்க்கும் கொழும்புக்கும் அனுப்பிய கேசட்டுகள், கோயில் கொடை, பள்ளிவாசல் விழா, சர்ச் பாட்டு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பென் டிரைவ் கைக்கு வந்ததும் கேசட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிறோம். ‘டிஜிட்டல் பண்ணியாச்சு’ என்று ஒரு நிம்மதி. சில இடங்களில் பெரிய அளவிலும் இப்படித்தான் நடக்கிறது. இத்தனை ஆயிரம் மணி நேரம் டிஜிட்டல் ஆக்கிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதில் எத்தனை மணி நேரத்தை ஒரு மனிதன் அசலோடு வைத்துக் கேட்டான் என்று கேட்டால் பதில் வராது.

உலகம் முழுக்க ஒலிக்காப்பகத்துக்காரர்கள் கூடிச் செய்த விதி இருக்கிறது. ஐ.ஏ.எஸ்.ஏ. என்ற சர்வதேசச் சங்கம் டி.சி. 04 என்று வெளியிட்டது. அதன் சாரம் எளிது. உள்ளதை உள்ளபடி எடு, சுருக்காதே, சுத்தம் செய்யாதே. சுத்தம் செய்யவேண்டும் என்றால் அதைத் தனி நகலில் செய். பழைய டேப்பைத் தூக்கிப்போடாதே. சாதாரணக் கேசட்டாக இருந்தால் நொடிக்குக் குறைந்தது 48,000, முடிந்தால் 96,000 தடவை, 24 பிட்டில் அள. டி.ஏ.டி. மாதிரி ஏற்கெனவே எண்ணாக இருப்பதை அந்த எண்ணாகவே, எண்ணுக்கு எண் மாறாமல் எடு. இதில் எந்த வரிக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும்?

எனக்கு ஆனது ரூ.2,500. விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

டி.ஏ.டி. ரெக்கார்டரின் பின்னால் ‘டிஜிட்டல் அவுட்’ என்று ஒரு துளை இருக்கும். எஸ்.பி.டி.ஐ.எஃப்., சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்தது. எண்களை எண்களாகவே வெளியே தரும் வாசல். அதை வாங்கிக்கொள்ள கம்ப்யூட்டரில் ஒரு வாசல் வேண்டும். புது லேப்டாப் எதிலும் கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் தெரிந்தவர் மூலமாக எம்-ஆடியோ ஆடியோபைல் 2496 என்ற பழைய கார்டு ஒன்றைப் பிடித்தேன். தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது. இது பழைய பி.சி.ஐ. வகைக் கார்டு, இப்போதைய மதர்போர்டுகளில் அந்தப் பள்ளம் இருப்பதில்லை. மகன் தூக்கிப்போடச் சொன்ன என் பழைய கம்ப்யூட்டரில் வெள்ளை நிறத்தில் இரண்டு இருந்தன. எதையும் தூக்கிப்போடாத என் குணத்தை வீட்டில் ஒருவரும் பாராட்டியதில்லை, அன்றைக்கும் பாராட்டவில்லை.

மின்சாரத்தை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். கார்டின் தங்க நிறப் பற்களில் அழுக்கு இருந்தால் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம், எக்ஸ்சேஞ்சில் நாங்கள் செய்வதுதான். பள்ளத்தில் இரண்டு முனையையும் சமமாக அழுத்தி, திருகாணியைப் போடுங்கள். திருகாணி போடாமல் விட்டால் வயரை இழுக்கும்போது கார்டு சாயும். வயருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். சாதாரண ஆடியோ வயர் ஆகாது, 75 ஓம் வேண்டும், பழைய டி.வி.டி. பிளேயரோடு வந்த மஞ்சள் நிற வீடியோ வயர் அதுதான்.

விண்டோஸில் இந்தக் கார்டோடு மல்லுக்கட்டவில்லை. லினக்ஸ் போட்டேன், கார்டைத் தானாகவே அடையாளம் கண்டது. ‘என்வி24கன்ட்ரோல்’ என்ற சின்ன மென்பொருளில்தான் எல்லா அமைப்பும். இங்கேதான் நான் சறுக்கினேன்.

48,000 என்று சரியாக வைத்தேன், பதிவு செய்தேன். வேகம் சரி, சுருதி சரி. ஆனால் அங்கங்கே ‘டிக்’. ஒரு நிமிஷத்தில் பல தடவை. வயரை மாற்றினேன், டேப்பைச் சந்தேகப்பட்டேன், ஹெட்டைத் துடைத்தேன். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் நடந்துகொண்டிருக்கும்போது தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்லிப்! உத்தியோகத்தில் எத்தனை ராத்திரி விழித்து இதைத் துரத்தியிருக்கிறேன்! இரண்டு எக்ஸ்சேஞ்சும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடினால், இரண்டும் 8,000 என்று சொன்னாலும் ஒன்றுக்கொன்று இம்மி பிசகும். எண் சேர்ந்துபோகும், பிறகு ஒன்றை விழுங்கவேண்டி வரும். அந்த விழுங்கல்தான் ‘டிக்’. இங்கேயும் அதே கதை. ரெக்கார்டர் தன் கடிகாரத்தில் 48,000 அனுப்புகிறது, கார்டு தன் கடிகாரத்தில் 48,000 வாங்குகிறது. இரண்டு படிகங்களுக்கும் நடுவே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு ஒரு எண் தவறும். அனுப்புகிறவன் கடிகாரத்துக்கு வாங்குகிறவன் அடங்கவேண்டும். ‘மாஸ்டர் கிளாக்’ என்ற இடத்தில் உள் கடிகாரத்தை விட்டுவிட்டு ‘எஸ்.பி.டி.ஐ.எஃப். இன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ‘டிக்’ நின்றது.

ஆனால் அதே இடத்தில்தான் கடைக்காரப் பையனின் தப்பும் ஒளிந்திருக்கிறது. வெளிக் கடிகாரத்துக்கு அடங்கின கார்டு, வருகிற எண்களை அப்படியே வாங்கிக்கொள்ளும். பதிவு செய்யும் மென்பொருளில் 44,100 என்று இருந்தாலும் வாயைத் திறக்காது. ஆகவே இரண்டையும் பார்க்கவேண்டும்: கடிகாரம் வெளியில் இருந்து, எண் 48,000. பையன் முதலாவதைச் சரியாகத்தான் செய்திருக்கிறான், இரண்டாவதில் விட்டுவிட்டான். 34 வருட அனுபவஸ்தன் நான் முதலாவதிலேயே விட்டேன். அதனால் ‘தெரியாமல் செய்தான்’ என்று அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்று சொன்னான் பாருங்கள், என் சண்டை அதோடுதான்.

ரெக்கார்டரின் முகப்பில் நிமிஷமும் விநாடியும் ஓடுகிறது. பத்து நிமிஷம் ஆனதும் பைலின் நீளம் பத்து நிமிஷமா என்று பார்த்தால் போதும். இதற்கு எஞ்சினியர் வேண்டாம், சுவர்க் கடிகாரம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் யாரும் செலவழிப்பதில்லை. நானும்தான்.

‘இந்தக் காலத்தில் எல்லாம் யூடியூபில் கிடைக்கிறது, இதற்கு ஏன் இத்தனை பாடு’ என்று சொல்வார்கள். முத்துப்பட்டன் கதை அச்சில் இருக்கிறது. பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார், பெரிய காரியம். பாளையங்கோட்டையில் இருந்து ‘ஆராய்ச்சி’ இதழ் நடத்தியவர். சொல்லைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். பொம்மக்கா, திம்மக்காவை மணக்க ஒரு பிராமணன் செருப்புத் தைத்த கதையை இனி யாரும் அழிக்க முடியாது. குடத்தின் அடி அச்சில் வருமா? பட்டன் மாட்டுக் கிடையைக் காக்க ஓடுகிற இடத்தில் என் அண்ணன் மட்டையை எப்படி முடுக்கினார் என்பதை எந்த எழுத்தில் எழுதுவது? அது அந்த டேப்பில் மட்டும்தான் இருக்கிறது. டி.ஏ.டி. ரெக்கார்டரை சோனி 2005இலேயே நிறுத்திவிட்டது. டேப் வாசிக்கும் கருவிகளே உலகத்தில் தீர்ந்துவருகின்றன, 2025ஐத் தாண்டினால் கஷ்டம் என்று 2019இல் யுனெஸ்கோவும் அந்த ஒலிக்காப்பகச் சங்கமும் சேர்ந்து எச்சரிக்கை விட்டார்கள். என்னிடம் இருக்கும் ரெக்கார்டரின் ரப்பர் தேய்ந்தால் மாற்ற ஆள் இல்லை. ஆக, எடுக்கிறது ஒரே தடவை. அந்த ஒரு தடவையில் தப்பாக எடுத்தால் அதுதான் இனிமேல் ‘அசல்’.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு இந்த வருடக் கொடையில் நடந்ததைச் சொல்லவேண்டும். ஊரில் இப்போது இளவட்டங்கள் ஒரு வில்லுக் குழு வைத்திருக்கிறார்கள். செல்போனை வைத்துக்கொண்டு திரிகிற வயதில் வில்லையும் உடுக்கையும் தூக்குகிறார்களே என்று எனக்குப் பெருமை. முத்துப்பட்டன் கதைதான் வைத்தார்கள். குடம் அடித்த பையனுக்கு இருபது வயது இருக்கும். நன்றாக அடித்தான். ஆனால் பட்டன் ஓடுகிற இடத்தில் அந்தத் தொய்வு. காசுச் சுண்டும் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முடிந்ததும் கூப்பிட்டு, “ஏல, இந்த அடி யாருகிட்ட படிச்ச?” என்று கேட்டேன்.

“உங்க அண்ணன்கிட்டதான் தாத்தா. குரூப்ல நீங்க போட்ட ஆடியோ. அதைக் கேட்டு கேட்டுத்தான் படிச்சேன்.”

நான் போட்ட ஆடியோ! கடைக்காரன் பெயர்கூட அதில் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மிச்சம் இருந்த டேப்புகளை எடுக்க உட்கார்ந்தேன். ஆறில் நான்கு முடிந்தன. ஐந்தாவதில் பூஞ்சை பிடித்திருக்கிறது; வெயில் காலத்தில் காயவிட்டுத்தான் தொடவேண்டும். முடிந்த நான்கையும் மதினியிடம் முதலில் போட்டுக்காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. பட்டன் ஓடும் இடம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “ரெண்டாம் சாமத்துல இப்படித்தான் அவசரப்படுவாக, புலவரு ஏசுவாரு” என்றாள். டேப்பில் அடுத்த நிமிஷமே புலவர் பாட்டுக்கு நடுவே “பைய, பைய” என்று அதட்டுகிறார். கடைப் பைலில் அதுவும் ‘இரைச்சலோடு’ போயிருந்தது.

குடம் அடிக்கிற பையனை வீட்டுக்கு வரச்சொல்லி ஹெட்போனை மாட்டிவிட்டேன். இரண்டு நிமிஷம் கேட்டவன் ஹெட்போனைக் கழற்றி, ரெக்கார்டரை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தான்.

“இவ்ளோ வேகமா தாத்தா?” என்றான். பிறகு தொடையில் தட்டிப் பார்க்க ஆரம்பித்தான்.